இரண்டாவது பார்

“ஏய் எலி, ரெண்டாவது பார்லயே கிட்டார் கார்டு மாறணும்! நீ என்ன அங்கேயே பாய் விரிச்சுப் படுத்துட்டே?”

டிரம்ஸ் அண்ணன் குச்சிகளை மேலே தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பேஸ் கிட்டார்காரரும் நிறுத்திவிட்டார். பாடிக்கொண்டிருந்த என் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து மைக் வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

“முதல் நாலு பாரும் ஈ செவன்தானே அண்ணா?”

பாக்கெட்டிலிருந்த தாளை நீட்டினேன். ப்ளூஸ் பாட்டுக்கான பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு பார், பாருக்கு நாலு எண்ணிக்கை. முதல் நாலும் ஈ செவன் கார்டு, அடுத்த ரெண்டும் ஏ செவன், ஒன்பதாவதில் அந்தப் பாழாய்ப்போன பி செவன். பச்சைப் பேனாவில் அக்கா போட்டுக் கொடுத்தது.

அவர்கள் குழுவில் ரெண்டாவது கிட்டார்காரர் வேறு ஊருக்குப் போனதிலிருந்து அந்த இடத்துக்கு நான் அடம்பிடித்தேன். “முதல்ல இதைக் கத்துக்கோ, அப்புறம் பார்க்கலாம்” என்றாள். அதுவரை ரிகர்சல் ரூம் பக்கமே விடவில்லை. ரெண்டு மாசம், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, விரல் நுனி காய்த்துப்போகும்வரை வாசித்தேன்.

அண்ணன் தாளைப் பார்த்தார்.

“இது தப்பில்லம்மா. ஆனா நாங்க எல்லாப் பாட்டுலயும் ரெண்டாவது பார்ல ஏ செவனுக்குப் போய்ட்டு மூணாவதுல ஈ செவனுக்கே திரும்பிடுவோம். எட்டு வருஷமா அப்படித்தான். உங்கக்கா சொல்லலையா?”

அக்கா வயரைச் சுருட்டி முடித்துவிட்டு, அதை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

“பரவால்ல, ஒரு பார்தானே. சரி பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை வா” என்றார் அண்ணன்.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். “மறந்துட்டியாக்கா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“ஒரே ரூம், ஒரே பீரோ, ஒரே செருப்பு சைஸ். என் சட்டை எதுவும் ஒரு மாசத்துக்கு மேல என்கிட்ட இருந்ததில்ல. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்னு நினைச்சேன்.” பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வரக்கூடாதுன்னு நேரா சொன்னா அம்மாகிட்ட போய் அழுவே. நீயா வந்து, தோத்துட்டுப் போயிடுவேன்னு பார்த்தேன்.”

மன்னிப்பு கேட்பாள் என்று நின்றேன். பஸ்தான் வந்தது. ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்தோம்.

இப்போது அந்த மாற்றம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பத்து நிமிஷ வேலை, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். வேண்டுமென்றே சத்தமாக வாசிக்கிறேன்.

நாளைக்கு ஞாயிறு. போனால் இடம் எனக்குத்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் பாட, பின்னால் நின்று நான் வாசிக்க வேண்டும். நீங்களாக இருந்தால் போவீர்களா, சொல்லுங்களேன்?