தோள்பட்டைக்கு ஒரு வேண்டுதல்

மச்சான் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து நான் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது. அவன் என் மனைவியின் அண்ணன். என்னைவிட நாலே மாதம் பெரியவன், அதனால் எனக்கு அவன் 'அவன்'தான். டவர் கிரேன் ஆபரேட்டர். நூற்று அறுபது படி ஏறி, குளியலறை அளவுள்ள ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை இரும்பைத் தூக்கி இறக்குவான். கீழே நின்று அவனுக்குச் சிக்னல் கொடுப்பவன் நான். ஆறு வருடமாக அவன் கை, என் கண். வீட்டில் பேசியதைவிட வாக்கி-டாக்கியில்தான் அதிகம் பேசியிருக்கிறோம். நான் அவனைத் திட்டியதும் அதில்தான் அதிகம்.

திட்டுக்குக் காரணம் அந்த இரண்டு நிமிடம். தினமும் காலையில் கூண்டுக்குள் உட்கார்ந்ததும் லீவரைத் தொடமாட்டான். "ரெண்டு நிமிஷம், மாப்ளே" என்பான். அப்புறம் மூச்சுப் பேச்சு இருக்காது. வேண்டிக்கொள்கிறானாம். கீழே வேலையாட்கள் பதினோரு பேரும் நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

"சிக்னல் குடுக்க நான் இருக்கேன். உனக்கு எதுக்கு மச்சான் மேல இன்னொரு சிக்னல்மேன்?" என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பான். சிரித்தால் எனக்கு இன்னும் எரியும்.

நான் கடவுள் இல்லை என்கிற ஆள் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்குக் கடவுள் உண்டு. லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனால் உண்டு. தேவை வந்தால் போய் நிற்பேன், வேண்டியதைக் கேட்பேன், வந்துவிடுவேன். கேட்பதற்குத்தானே வேண்டுதல்? கேட்க ஒன்றுமில்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு நிமிடம் என்னதான் கேட்பான் என்பது எனக்குப் புரியவே இல்லை.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், இன்னும் இந்த இடம் வந்தால் என்னால் உட்கார முடிவதில்லை, எழுந்துவிடுவேன்.

நாங்கள் கட்டியது ஒரு புதிய பேருந்து நிலையம். கூரையைத் தாங்கப் பன்னிரண்டு இரும்புத் தூண்கள். ஒவ்வொன்றும் ஒன்பது டன். ஒவ்வொரு தூணின் அடியும் ஆள் உயரக் குழிக்குள் இறங்கி, அங்கே நிற்கும் போல்ட்டுகளில் உட்கார வேண்டும். பதினொன்றை நட்டுவிட்டோம். அன்று பன்னிரண்டாவது, கடைசி. முந்தின நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. மனைவியிடமும் மகளிடமும் அதே பேச்சு. "தூணை நீங்களே தூக்கப் போற மாதிரி இல்ல பேசறீங்க" என்றாள் மனைவி. என் சிக்னலில்தானே எழும் என்றேன். அன்று காலை முதலாளிகள் வந்து, படம் பிடிக்கக் கைப்பேசியோடு நின்றார்கள். ஒன்பது மணிக்கு மேல் காற்று வலுக்கும் என்று செய்தி. காற்று வந்தால் கிரேனை நிறுத்திவிட வேண்டும். ஃபோர்மேன் எட்டேகாலிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வேலை முறை இதுதான். நான் மூன்று முறை விசில் ஊதுவேன். எல்லோரும் குழியை விட்டு, சிவப்பு நாடாவுக்கு வெளியே போய்விட வேண்டும். நான் ஹெல்மெட்டுகளை எண்ணுவேன். முகத்தைத் தேடி எண்ண நேரமாகும்; ஹெல்மெட் எவ்வளவு தூரத்திலும் பளிச்சென்று தெரியும். பதினொன்று வந்தால் கையைத் தூக்குவேன்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவன் என் தம்பி. வெல்டர். அவன் நீல ஹெல்மெட்டின் நெற்றியில் அவன் மகள் ஒட்டிய மஞ்சள் நட்சத்திரம் இருக்கும், அதனால் அவனைக் கண்டுபிடிப்பது சுலபம். அதற்கு முந்தின வாரம் நான் வீடு மாறினேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோவை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஏற்றினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் கை நழுவி, மொத்த கனமும் அவன் வலது தோளில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தான். பக்கத்தில் போனால் தைல வாசனை தூக்கும். அவன் மனைவி தினமும் சாயங்காலம் அந்தத் தோளுக்காக உட்கார்ந்து வேண்டினாள். வலி மட்டும் இம்மியும் குறையவில்லை. "நீ பீரோவைத் தூக்கினியா, பீரோ உன்னைத் தூக்குச்சா?" என்று நான் சைட் முழுக்கக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அண்ணன் என்றால் அப்படித்தான்.

எட்டரைக்கு மூன்று விசில் ஊதினேன். எல்லோரும் வெளியே வந்தார்கள். தூணைச் சுற்றிய பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன், கொக்கியைப் பார்த்தேன். திரும்பி வந்து எண்ணினேன். ஒன்பது, பத்து. பதினொன்றாவது, பாதி கட்டிய மதிலுக்குப் பின்னால் மஞ்சள் நட்சத்திரம். மதில் கண் உயரம். மேலே ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. சரியான இடத்தில்தான் நிற்கிறான் என்று எனக்குத் திருப்தி.

கையை உயர்த்தினேன். "தூக்கு, மச்சான்!"

"ரெண்டு நிமிஷம், மாப்ளே."

எனக்குக் காது சிவந்துவிட்டது. "இன்னிக்குமா? காத்து வரப்போகுது! முதலாளிங்க நிக்கிறாங்க! கடவுள் எங்கேயும் ஓடிப் போயிடமாட்டார், முதல்ல தூணைத் தூக்கு!"

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன், வேண்டிக்கொள்ள அல்ல, கூண்டைப் பார்த்துப் பல்லைக் கடிக்க. ஒரு நிமிடம் போனது. ஒன்றரை நிமிடம். வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மாப்ளே. உன் தம்பி எங்க?"

"மதிலுக்குப் பின்னாடி நிக்கிறான். கண்ணு தெரியலையா?"

"ஹெல்மெட் நிக்குது. அதுக்குக் கீழ தோள் இல்லை."

எனக்குப் புரியவில்லை. "என்ன உளர்றே?"

"தோள் இல்லை மாப்ளே! ஹெல்மெட் கம்பியில தொங்குது. ஆளைப் பாரு! குழியைப் பாரு!"

வாக்கி-டாக்கி எங்கே விழுந்ததென்று தெரியாது. ஓடினேன். ஓடி நாடாவில் தடுக்கி, எழுந்து, குழி விளிம்பில் போய் எட்டிப் பார்த்தால், ஆள் உயர ஆழத்தில் என் தம்பி. முகமூடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, நிம்மதியாக வெல்டிங் செய்துகொண்டிருக்கிறான். நீல வெளிச்சம் மின்னி மின்னி அடிக்கிறது. பக்கத்தில் ஜெனரேட்டர் சத்தம். நான் கத்தியது அவனுக்குக் கேட்கவே இல்லை. ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் முதுகில் எறிந்தேன். முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்து, "அரை நிமிஷம் அண்ணே, ஒரு ஓரம் விட்டுப்போச்சு" என்றான்.

அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினேன். ஒரு அறை விட்டேன். அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டு, முதலாளிகள் முன்னால், கைப்பேசிகள் முன்னால், ஓவென்று அழுதேன். "தோளு அண்ணே, தோளு, வலிக்குது, விடு" என்று அவன் கத்தினான். அந்தத் தைல வாசனை என் சட்டையெல்லாம் ஏறியது. அதைவிட நல்ல வாசனையை நான் இதுவரை முகர்ந்ததில்லை.

நடந்தது இதுதான். விசிலுக்கு அவனும் வெளியே வந்தான். மதிலுக்குப் பின்னால் நின்றபோதுதான், குழிக்குள் பதித்த அடித்தகட்டில் ஒரு ஓரம் பற்றவைக்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. நான் பெல்ட் பார்க்கத் திரும்பியிருந்தேன். வெல்டர்கள் முகமூடியை மாட்ட ஹெல்மெட்டைக் கழற்றுவார்கள். முகமூடி எங்கே கிடக்கிறதோ அங்கேயே ஹெல்மெட்டைத் தொங்கவிட்டுப் போவார்கள். முகமூடி மதிலடியில் கிடந்தது, மதிலிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மாட்டிவிட்டு இறங்கிவிட்டான். கீழிருந்து பார்த்த எனக்கு அது என் தம்பி. ஒன்பது டன் தூணை அவன் தலைமேல் இறக்க நான்தான் கையைத் தூக்கினேன்.

ஃபோர்மேனிடம் போய் நின்றேன். "சார், தப்பு என்னுது. ஹெல்மெட்டை எண்ணினேன், ஆளை எண்ணலை." அவர் முகம் வெளுத்திருந்தது. "இனிமே ஒவ்வொருத்தனும் ஹெல்மெட்டைத் தலையில போட்டுக்கிட்டு கையையும் தூக்கிக் காட்டட்டும்" என்றார். தம்பிக்கும் எனக்கும் இன்னும் என்னவோ சொன்னார், அதை எழுதினால் நன்றாக இருக்காது.

வாக்கி-டாக்கியைத் தேடி எடுத்தேன். "மச்சான், எப்படிப் பார்த்தே?"

"வேண்டிக்கிட்டிருந்தேன்."

"அதுதான் தெரியுமே. அவன் குழிக்குள்ள இருக்கான்னு கடவுள் சொன்னாரா?"

"சொல்லவெல்லாம் இல்லை. தினமும் ஒவ்வொருத்தரா பார்ப்பேன், மாப்ளே. இவனுக்கு என்ன குறை, அவனுக்கு என்ன குறைன்னு ஒவ்வொரு ஆளையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்வேன். பதினோரு பேரு, அப்புறம் நீ. அதுக்குத்தான் ரெண்டு நிமிஷம். உன் தம்பிகிட்ட வந்தேன். அவனுக்குத் தோள் வலி. தோளுக்காக வேண்டலாம்னு தோளைப் பார்த்தா, தோளே இல்லை."

ஆனாலும் நம் புத்தி சும்மா இருக்குமா? "வெல்டிங் வெளிச்சம் அடிச்சுதே. எப்படியும் பார்த்திருப்பேதானே?"

"தூணைத் தூக்கினா என் கண்ணு கொக்கியில, மாப்ளே. குழி உன் கண்ணு. உன்னை நம்பித்தானே இறக்கறேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மண்டைக்குள் ஒரே ஓட்டம். என் கை பீரோவில் நழுவியது. அதனால் அவனுக்கு வலி. அவன் மனைவி ஒரு வாரமாக வலி போகவேண்டும் என்று கேட்கிறாள். போகவில்லை. போயிருந்தால் மச்சான் தோளைப் பார்த்திருக்கமாட்டான். அப்படியானால் அவள் கேட்டது கிடைக்கவில்லையா, கேட்டதைவிடப் பெரியது கிடைத்ததா? கடவுள் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறோம். நான் பார்த்துவிட்டேன் என்று அடித்துச் சொல்வேன். ஆனால் எந்த இடத்தில் பார்த்தேன் என்று கேட்டால், பீரோவா, தைலமா, அந்த இரண்டு நிமிடமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே உட்கார்ந்தபடியே சிரித்தேன், பைத்தியம் மாதிரி. தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பீரோ தூக்க வெச்சதாலதான் உயிரோட இருக்கேன்னு ஊரெல்லாம் பெருமை அடிக்கப் போறே, இல்ல?"

"பின்னே?" என்றேன்.

மணி எட்டு ஐம்பது. காற்று இன்னும் வரவில்லை. மறுபடி மூன்று விசில். பதினோரு பேரும் நாடாவுக்கு வெளியே நின்று கையைத் தூக்கினார்கள். தம்பி இடது கையைத் தூக்கினான். வலது தூக்க வரவில்லை.

"தூக்கலாமா, மாப்ளே?" என்றான் மச்சான்.

"ரெண்டு நிமிஷம், மச்சான்."

ஃபோர்மேன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

முதலில் நின்றவனை நெட்டை என்போம். அவன் மனைவிக்கு இந்த வாரம் பிரசவம். கைப்பேசியைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் ரேடியோ, வாயை மூடாதவன், அதனால் அந்தப் பெயர். அவனைப் பார்த்தபோதுதான் உறைத்தது, இரண்டு நாளாக அவன் வாயே திறக்கவில்லை. ஏன்? நான் கேட்கவே இல்லை. தினமும் இவர்களை எண்ணுகிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காமல் ஒருவனுக்காக வேண்ட முடியாது என்பது, ஆறு வருடம் கிண்டல் செய்த எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொருவராகப் போய், தம்பியிடம் வந்து, அவன் சாய்ந்த தோளை ஆசை தீரப் பார்த்தேன்.

அப்புறம் அண்ணாந்து பார்த்தேன். கூண்டில் வெயில் பட்டு மின்னியது. பதினோரு பேருக்கும் எனக்கும் அவன் தினமும் வேண்டுகிறான். அவனுக்கு?

"மச்சான், உனக்கு என்னன்னு வேண்டிக்கிறது?"

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"முட்டி" என்றான்.

"என்னது?"

"முட்டி வலி, மாப்ளே. நூத்தி அறுபது படி. ரெண்டு வருஷமாச்சு. வலதுல கொஞ்சம் ஜாஸ்தி."

கண்ணாடிக்குள் அவன் முட்டி எங்கே இருக்கும் என்று தேடிப் பார்த்து, வலதிலிருந்து வேண்ட ஆரம்பித்தேன்.