சாத்திரியார் சொன்ன பெயர்

ஒவ்வொரு சித்திரையிலும் விம்பிள்டன் கரப்பந்துக் கழகமும் வெஸ்ட் ஈலிங் கழகமும் ஆளுக்கொரு ஆட்டக்காரனை மாற்றிக்கொள்ளும். சட்டையோடு கட்டிலும் மாறும். விம்பிள்டன் ஆட்டக்காரர்கள் ஆறு பேரும் குடியிருந்தது கழகச் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் வீட்டு மேல்மாடியில். போகிறவன் விட்ட கட்டிலில் வருகிறவன் படுப்பான்.

யார் போவான், யார் நிற்பான் என்பதை இராஜேந்திரன் முன்கூட்டியே சொல்லிவிடுவான். எண்பத்தெட்டிலிருந்து நாலு வருடமாக ஒன்றும் பிசகவில்லை. அதனால் அவனுக்குப் பெயரே சாத்திரியார்; ஊரில் சோதிடனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் கணக்கு எளிது. செயலாளர் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன் நிற்பான். 'நல்லாய் விளையாடினாய் தம்பி' என்று முதுகில் தட்டு வாங்கியவன் பெட்டி கட்டவேண்டியதுதான்.

தொண்ணூற்றிரண்டில், மாற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், எல்லோரும் குசினியில் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றார்.

"சாத்திரியார், இந்த முறை ஆர்?" என்று ஒருவன் கேட்டான்.

"வேற ஆர்? எங்கட நாயகம்தான்," என்றான் இராஜேந்திரன். "மார்கழியில இருந்து முழங்கால் சரியில்லை. ஐஸ் கட்டிக்கொண்டு படுக்கிறார் மாப்பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். கிறிஸ்துநாயகமும் சிரித்தான். "நல்லதாப் போச்சு. உன்ர குறட்டையில இருந்து எனக்கு விடுதலை."

பகிடிக்குச் சொன்னதுதான். நாயகம் செயலாளரிடம் ஏச்சு வாங்காத நாளில்லை; கணக்குப்படி அவன் அசையமாட்டான். மூன்று வருடமாக இருவருக்கும் ஒரே அறை. குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்கு ஒன்றாக வரிசையில் நின்றவர்கள். ஊரிலிருந்து எட்டு மாதமாக மனைவியின் கடிதம் வராத நாயகம், ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் கேட்பது, "மச்சான், சாப்பிட்டியோ?" இராஜேந்திரனை லண்டனில் அப்படிக் கேட்க வேறு ஆளில்லை.

ஞாயிறு மாலை செயலாளர் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து வந்தார். கோட்டைக் கழற்றாமலே பெயரைச் சொன்னார். நாயகம்.

இராஜேந்திரன் அவர் பின்னாலேயே முன்னறைக்குள் போனான். "அண்ணை, நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்!"

"எது பகிடி? முழங்காலோ?"

"முழங்கால் உண்மைதான். ஆனா…"

"பிறகென்ன? நாலு வருசமா நீ சொல்லுற ஆளைத்தானே நான் குடுக்கிறன். அவங்களோட படுத்தெழும்புறது நீ. ஆர் உதவான் எண்டு உனக்குத் தெரியாததோ எனக்குத் தெரியப்போகுது?"

"மாத்த ஏலாதோ அண்ணை?"

"கை குடுத்திட்டு வந்திட்டன் தம்பி."

இராஜேந்திரன் படியில் உட்கார்ந்தான். நாலு வருடத்தில் போன நாலு பேரின் முகங்களும் வரிசையாக வந்தன. ஒருவன் போகும்போது அழுதிருந்தான். அன்று இவன் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்திருந்தான்.

மேலே நாயகம் கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தான். உடுப்புப் பை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு, நோகிற காலை ஒவ்வொரு படியாக இறக்கி இறங்கினான். இராஜேந்திரன் பையை வாங்கிக்கொண்டான்.

"எப்பிடியடா உனக்கு முதலே தெரியுது?" என்றான் நாயகம். உண்மையான வியப்பு அவன் குரலில் இருந்தது. "என்ர மனுசியின்ர கடிதம் எப்ப வரும்? அதையும் ஒருக்காச் சொல்லன்."

இராஜேந்திரன் அவனோடு பஸ் தரிப்புவரை நடந்தான். பஸ் வரும்வரை பையைக் கீழே வைக்கவில்லை.