பெரிய வெள்ளியில் குளித்தவள்

"உங்கம்மா பெரிய வெள்ளிக்கிழமை ஆத்துல குளிச்சாளாடி?"

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். அன்றைக்கு ஆற்றில் இறங்குகிறவர்கள் மீனாகிவிடுவார்கள் என்பது மக்தலேனா ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும். அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இறங்கினாள், அதனால்தான் என் தோலெல்லாம் செதில் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. அதன்பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

காலையில் என் விரிப்பில் செதில்கள் உதிர்ந்து மினுங்கும். விழிப்பதற்குச் சற்று முன்புவரை நான் நிஜமாகவே நீருக்கடியில் இருப்பேன். தலைக்கு மேலே படகுகளின் அடிவயிறுகள் மெதுவாகக் கடந்துபோகும். அவற்றில் ஒன்று அப்பாவுடையது.

அம்மா என்னை வாசலில் உட்காரவைத்துத் தேங்காயெண்ணெய் தேய்ப்பாள். அப்பாவுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பாள். பலகை இடுக்கு வழியாக ஒருமுறை பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே அவருக்கும் என்னுடைய செதில் கால்களே இருந்தன. ஆற்றின் மேற்பக்கத்து ஊரிலிருந்து வந்து குடியேறியவர் அவர். நீரில் இறங்கிப் படகைத் தள்ளும்போதுகூடக் கால்சட்டையை மடித்துவிடமாட்டார்.

இந்தப் பெரிய வெள்ளியன்று கார்மெலினா பெரியம்மா கிண்ணத்தில் துவரை இனிப்புக் கொண்டுவந்தாள். ஊர்வலத்தில் மாதாவைச் சுமக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. அம்மா ஊர்வலத்துக்கான கறுப்புப் பாவாடையைத் தேய்த்து நாற்காலியில் விரித்து வைத்திருந்தாள். பெரியம்மா அதைப் பார்த்தாள்.

"இந்த வருசமும் வேணாம் எடில்மா. மனசுல வச்சுக்காத. குளிச்சவ தோள் குடுத்தா மாதாவுக்கே செதில் மொளைச்சிரும்ங்கிறாளுங்க. நானா சொல்றேன்?"

"சரிக்கா." அம்மா விரலால் தொட்டு ருசி பார்த்தாள். "தேங்காப்பால் தூக்கலா இருக்கே."

"இருந்தாத்தான் இனிப்பு. கிண்ணத்தை வெறுங்கிண்ணமா அனுப்பிறாத."

வலை ஊஞ்சலில் அப்பா கண்மூடிக் கிடந்தார். ஊஞ்சல் அசையவில்லை. அம்மா பாவாடையை எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கத் தொடங்கினாள். அப்பா கண்ணைத் திறந்து அவள் கைகளையே பார்த்தார்.

பிறகு எழுந்து உட்கார்ந்து கால்சட்டையை மேலே சுருட்டினார். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். நீர் வற்றிய ஆற்றுச்சேறுபோல் தோல் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. பெரியம்மா அவர் கால்களைப் பார்த்தாள், பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

"வேணாங்க," என்றாள் அம்மா.

அவர் பாவாடையை அவள் கையிலிருந்து வாங்கி, உதறி, மறுபடி நாற்காலியில் விரித்தார். வெளியே கோவில் தெருவில் பெண்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நோக்கி, சாய்ந்த வெயிலில் இரண்டு கால்களும் மினுங்க நடந்து போனார்.