ஆயிரத்து நானூறு வரிகள்

மஞ்சக்குப்பத்தில் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் போன் அடித்தால் அது செந்தமிழ்ச்செல்வனுக்குத்தான் என்பது ஒன்பது வருடமாக எல்லோருக்கும் தெரியும். ரத்தப் பரிசோதனை லேபுகளுக்கான சாஃப்ட்வேரை அவனும் கல்லூரித் தோழன் சபாபதியும் சேர்ந்து விற்கத் தொடங்கினார்கள். முதலாளி சபாபதி; எழுதியவன் செல்வன். கடலூர், சிதம்பரம், பண்ருட்டி என்று முப்பத்தாறு லேபுகளில் அது ஓடிக்கொண்டிருந்தது.

அதில் முக்கியமானது ரிப்போர்ட் தயாரிக்கும் பகுதி. நோயாளியின் வயது என்ன, ஆணா பெண்ணா, கர்ப்பிணியா என்றெல்லாம் பார்த்து, சோதனை முடிவு சரியான அளவுக்குள் இருக்கிறதா என்று அது சொல்லும். அளவை மீறினால் எண் சிவப்பில் வரும். இத்தனையும் ஒரே ஃபங்ஷனில், அதாவது பிரிக்காத ஒரே துண்டு கம்ப்யூட்டர் கோடில், ஆயிரத்து நானூறு வரிகளில் இருந்தது. ஒரு நிபந்தனைக்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று என்று ஒன்பது அடுக்கு. வரிகள் வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து திரையை விட்டே வெளியே போய்விடும். புதிதாக வந்தவர்கள் ஓரிடத்தில் கை வைத்தால் வேறெங்கோ உடையும். கடைசியில் செல்வனிடம்தான் வருவார்கள். தங்கை கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தவனைக்கூட எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதைக் குறை சொல்வதுபோல அவன் எல்லோரிடமும் சொல்வான்.

வெண்மதிக்கு ஊர் கடலோரக் கிள்ளை. இருபத்தாறு வயது. சிதம்பரத்தில் படித்துவிட்டுச் சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்தவள், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊரோடு வந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரமே, செல்வன் பக்கத்தில் இருக்கும்போதே சபாபதியிடம் கேட்டாள்.

"இந்த ஃபங்ஷன பிரிச்சிடலாமா சார்? படிக்கவே முடியல. அண்ணா ஒரு நாள் லீவு போட்டா நாமல்லாம் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

சபாபதி சிரித்தான். "என்னா மச்சான் சொல்ற?"

"செஞ்சி பாக்கட்டும்," என்றான் செல்வன். அவளால் முடியாது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அவள் அவசரப்படவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளில் இரண்டாயிரத்தை எடுத்து, எதை மாற்றினாலும் அதே முடிவு வருகிறதா என்று தானாகவே பார்க்கும் சோதனைகளை முதலில் எழுதினாள். அதன் பிறகுதான் நாளைக்கு ஒரு துண்டாக வெட்டினாள். ஒவ்வொரு துண்டுக்கும் அது செய்யும் வேலையையே பெயராக வைத்தாள். உள்ளே உள்ளே போன நிபந்தனைகளைத் திருப்பிப் போட்டு, பொருந்தாததை ஆரம்பத்திலேயே வெளியே அனுப்பினாள். அளவுகளை எல்லாம் ஒரே அட்டவணைக்குக் கொண்டுவந்தாள்.

ஆறு வாரம் ஆனது. போன் எடுக்கும் காயத்ரிக்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதத் தெரியாது. அவளே அட்டவணையைப் பார்த்து லேப்காரர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். "இப்பதான் சார் எனக்கே புரியுது," என்றாள். செல்வனுக்குச் சுருக்கென்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து வெண்மதி அதுவரை எழுதியது முழுவதையும் படித்தான். குறை கண்டுபிடிக்கத்தான் படித்தான். எங்கேயும் நின்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அது நன்றாக இருந்ததுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் நாற்காலியை இழுக்கும் சத்தம், யாரைக் கேட்டாலும் அவள் பெயர், அவள் டப்பாவிலிருந்து இறால் தொக்கை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே சபாபதி "பிரமாதமா எழுதுதுல்ல மச்சான் அந்தப் பொண்ணு?" என்று கேட்பது, எல்லாமே எரிந்தது. "பரவால்ல," என்பான்.

எந்த மாற்றமும் செல்வன் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் லேபுகளுக்குப் போகும். கடைசித் துண்டை வெண்மதி அனுப்பியபோது, மஞ்சள் காமாலைச் சோதனையின் அட்டவணையில் அவன் கண் நின்றது. பிறந்து முப்பது நாள் ஆகாத குழந்தைகளுக்கான வரிசை அதில் இல்லை. பச்சைக் குழந்தைக்கு அந்த அளவு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டால் சிவப்பாக வந்து பெற்றவர்களைப் பதற வைக்கும். பழைய கோடில் அதற்கென்றே ஒரு வரி எழுதியிருந்தான். தொள்ளாயிரத்து நாற்பதாவது வரி.

விட்டுட்டா, என்று நினைத்தான். பல வாரங்களுக்குப் பிறகு நெஞ்சு குளிர்ந்தது. அட்டவணைக்குக் கீழே அவள் ஏதோ நீளமாகக் குறிப்பு எழுதியிருந்தாள். அவன் அதைப் படிக்கவில்லை. ஒரு ரிப்போர்ட் சிவப்பாக வந்தால் லேபிலிருந்து போன் வரும், அவ்வளவுதான், யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒப்புதல் கொடுத்தான்.

திங்கட்கிழமை புதிய கோடு எல்லா லேபுகளிலும் ஓடத் தொடங்கியது. முதல் நாள் பக்கத்தில் இருந்து பார்க்க வெண்மதியைப் பண்ருட்டிக்கும் செல்வனைச் சிதம்பரத்துக்கும் சபாபதி அனுப்பினான். புதுச்சத்திரம் தாண்டும்வரை, அவளிடம் என்ன சொல்வது என்பதையே செல்வன் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். 'பரவால்லம்மா, புதுசுல எல்லாரும் பண்றதுதான்.'

மேல வீதி லேபில் டெக்னீசியன் இளவரசி வேலையில் இருந்தாள். பதினொரு மணிக்கு ஒரு ஆள் ரிப்போர்ட் வாங்க வந்து நின்றான். சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. சீட்டில் 'பொன்னியின் குழந்தை, வயது 5 நாள்' என்றிருந்தது. பிரின்டரிலிருந்து தாள் வெளியே வந்தது. ஒன்பது என்ற எண் பளிச்சென்று சிவப்பில்.

"செவப்பா இருக்கே... என்னா மேடம், கொழந்தைக்கி என்னா?" அவன் குரல் உடைந்தது.

செல்வனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் இளவரசி பதறவே இல்லை. பேனாவை எடுத்து, அச்சாகியிருந்த பெரியவர்களின் அளவை அடித்தாள். பக்கத்தில் வேறு அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பயப்படாதீங்க. பச்சக் கொழந்தைக்கி இவ்ளோ இருக்கும். டாக்டர் கிட்ட காட்டுங்க, அவுங்க சொல்லுவாங்க."

அவன் போன பிறகு செல்வன் கேட்டான். "இன்னிக்குதான இப்படி வருது?"

"இல்ல சார். நான் சேந்து ஆறு வருஷம் ஆவுது. அப்பலேர்ந்து இப்படித்தான்."

"சொல்லியிருக்கலாமே?"

"போன் போட்டு சொன்னனே. 'ஏஜ ஒழுங்கா போடுங்க'ன்னு வச்சிட்டீங்க. அதுக்கப்புறம் யாரு சார் கேக்கறது? கையாலயே எழுதிடறோம்."

லேப்டாப்பைத் திறந்து பழைய கோடை எடுத்தான். தொள்ளாயிரத்து நாற்பதாவது வரியிலிருந்து ஒவ்வொரு அடுக்காக மேலே ஏறினான். எட்டு அடுக்கு தாண்டி எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு நிபந்தனை இருந்தது: வயது வருடக் கணக்கில் கொடுத்திருந்தால். பிறந்த குழந்தைக்கு வயதை நாள் கணக்கில்தான் போடுவார்கள். ஒன்பது வருடத்தில் அந்த வரி ஒருமுறைகூட ஓடியதில்லை.

பிறகு வெண்மதியின் குறிப்பைப் படித்தான். 'அண்ணா, பிறந்த குழந்தைக்கான அளவு பழைய கோடில் இருக்கிறது. ஆனால் எந்த வழியிலும் அந்த இடத்துக்குப் போக முடியவில்லை. பிரிக்கும்போது முடிவுகள் மாறக் கூடாது என்பதால் இதில் சேர்க்கவில்லை. நீங்கள் அளவை உறுதி செய்தால் தனி மாற்றமாக உடனே சேர்க்கிறேன். முக்கியமானது, பதில் சொல்லுங்கள்.'

வெளியே வந்து போன் செய்தான். அந்தப் பக்கம் பண்ருட்டி பஸ் ஹாரன் கேட்டது.

"கொழந்தைங்க வரிசைய சேத்துடும்மா. இங்க லேப் டாக்டர் ஒத்துக்கிட்ட அளவு டெக்னீசியன் இளவரசி கிட்ட இருக்கு, அனுப்புறேன்."

"சரிண்ணா. பதிலே சொல்லாம ஓகே குடுத்துட்டீங்களா, அப்புறமா சேக்கலாம்னு சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை.

"நான் குறிப்பப் படிக்கல. வரிசை இல்லன்னு மட்டும் பாத்தேன். நீ விட்டுட்டன்னு நெனச்சேன். நெனச்சிதான் ஓகே குடுத்தேன்."

"ஏண்ணா?"

"எல்லாரும் ஒன்னையே சொல்றாங்க. எனக்குப் பொறுக்கல."

"எம்மேல கோவம்னா என்னைத் திட்டியிருக்கலாம்ல," என்றாள். "ஒரு கொழந்த ரிப்போர்ட்ட வச்சா செய்வீங்க?" வைத்துவிட்டாள்.

இருபது நிமிடத்தில் புதிய வரிசை வந்து சேர்ந்தது. ஒரே ஒரு வரி. இளவரசி பொன்னியின் குழந்தை ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள். எண் கறுப்பில் இருந்தது. "அட," என்றாள்.

மறுநாள் செல்வன் தானாகவே சபாபதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். சபாபதி அன்று அவனை மச்சான் என்று கூப்பிடவில்லை. ரிப்போர்ட் பகுதி முழுக்க வெண்மதியின் பொறுப்பானது. ஸ்கேன் முன்பதிவுப் பகுதி செல்வனுக்கு வந்தது. அதுவும் அவன் பழைய எழுத்துதான், அதே போன்ற சிக்கல்தான். வெண்மதி அவனோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை.

அவளைப்போலவே முதலில் சோதனைகளை எழுதிக்கொண்டு, ஒரு மாதம் உட்கார்ந்து வெட்டிப் பிரித்து, பார்க்கச் சொல்லி அவளுக்கு அனுப்பினான். பதினான்கு குறிப்புகளோடு திரும்பி வந்தது. மூன்றாவது குறிப்பிலேயே பழைய எரிச்சல் கிளம்பியது. எழுந்து கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து முதலிலிருந்து படித்தான். பன்னிரண்டை ஏற்றுக்கொண்டான். இரண்டுக்கு மறுப்பு எழுதினான்.

சாயங்காலம் வெண்மதி அவன் மேசைக்கு வந்தாள். சிரிக்கவில்லை.

"அந்த ரெண்டுல ஒன்னு நீங்க சொல்றதுதான் சரிண்ணா. இன்னொன்னு தப்பு, அத மாத்திடுங்க."

அவன் மாற்றினான்.