அமைச்சர் குறிப்பிடும் காலம்

அண்ணன் பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தோரு வருடம் உலைக்கு முன்னால் நின்றவன். அந்த வெளிச்சம் இரண்டு கண்ணிலும் புரை விழ வைத்தது. இருபது வருடம் முடித்தவருக்கு ஓய்வூதியம் என்று சட்டம் வந்ததும், வேலையை விடச் சொன்னது நான்தான். விலகல் கடிதத்தை எழுதியதும் நான்தான். அவன் கையெழுத்து மட்டும் போட்டான்.

அதே ஆலையில் மூன்று வருடம் இரவு ஷிப்ட் பார்த்து, ஒத்துவராமல் நின்றவன் நான். அதற்கு முன்னால் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன். தொழிற்சங்கத்தில் எனக்கு ‘வக்கீல்’ என்று பெயர். பாதி கிண்டல்தான். ஆனால் காகிதம் என்று ஒன்று வந்தால் என்னிடம்தான் நீட்டுவார்கள்.

அந்த இருபது வருடத்துக்காகச் சட்டசபையில் மூன்று நாள் சண்டை நடந்தது. முப்பது என்று கேட்டவர்கள் தோற்றார்கள். சங்கம் சட்டத்தைச் சட்டைப் பையில் அடங்குகிற புத்தகமாகப் போட்டது. முப்பத்திரண்டு பக்கத்துக்குள் சுருக்குவது என் வேலை. ‘அல்லது அமைச்சர் ஆணையால் குறிப்பிடும் காலம்’ என்று பதினோரு இடத்தில் இருந்தது. எல்லாச் சட்டத்திலும் ஒப்புக்கு வருகிற வார்த்தை என்று நினைத்துப் பதினோரு இடத்திலும் வெட்டினேன். புத்தகம் கச்சிதமாக அமைந்தது.

ஓய்வூதிய அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மா விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு வருடம் குறைகிறது என்றார். அண்ணன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தடவித் திருப்பி நீட்டினான். அவர் தன்னிடமிருந்த தடித்த பிரதியைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இதை யார் போட்டது?”

சங்கம் போட்டது, சுருக்கியது நான்தான் என்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை.

சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று அவர் விளக்கினார். அமைச்சர் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பக்க ஆணையில் இருபத்தைந்து என்று குறிப்பிட்டிருக்கிறார். அண்ணன் விலகியது அதற்கு நாலு நாள் கழித்து. ஆணையின் நகலைச் சபையில் நாற்பது நாள் வைத்திருந்தார்களாம். யாரும் எதிர்க்காததால் அப்படியே நிற்கிறது. மூன்று நாள் சண்டை போட்டு வாங்கியதை ஒருவர் ஒரு கையெழுத்தில் மாற்றலாமா என்று கேட்டேன்.

“மாத்தலாம்னு அந்தச் சபையேதான் எழுதிக் குடுத்திருக்கு தம்பி. நீங்க வெட்டின வரி அதுதான்.”

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். அடிக்கப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆலைக்குப் போகிற பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான்.

ஆலையில் மேலாளர் அவன் இடத்தையே எடுத்துவிட்டதாகச் சொன்னார். உலை வேலை இப்போது கான்ட்ராக்ட். பின் வாசலில் ஒரு தகர அறையில் கான்ட்ராக்டர் இருந்தான். அண்ணனிடம் தொழில் கற்றவன்தான், அதனால் நாற்காலி போட்டான். கான்ட்ராக்டில் கண் சோதனை கிடையாது. அதை நல்ல செய்தி மாதிரி சொன்னான்.

கான்ட்ராக்டில் பார்க்கிற நாலு வருடம் ஓய்வூதியக் கணக்கில் சேருமா என்று கேட்டேன். எந்தெந்த வேலை சேரும் என்பதை அமைச்சர் இனிமேல்தான் சொல்லப்போகிறாராம், சேர்ந்தாலும் சேரும் என்றான்.

“சேராட்டி?” என்றேன்.

“டேய் வக்கீலு, வாயை மூடு” என்றான் அண்ணன். வாழ்நாளில் அவன் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. “எங்க போடணும்னு காட்டு.”

கான்ட்ராக்டர் எடுத்து வைத்த படிவத்தில் கையெழுத்துக் கட்டம் எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. விரலைப் பிடித்து அங்கே வைத்தேன். கோடு தாண்டிக் கையெழுத்துப் போட்டான். கீழே சாட்சிக்கு ஓர் இடம் இருந்தது. கான்ட்ராக்டர் பேனாவை என்னிடம் நீட்டினான். போட்டேன்.

ரெண்டு மணி ஷிப்டுக்கு ஆள் குறைகிறது, இன்றைக்கே நிற்க முடியுமா என்று கான்ட்ராக்டர் கேட்டான். அண்ணன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

“அண்ணிகிட்ட நீயே சொல்லிடு” என்று சொல்லிவிட்டு, சுவரைத் தொட்டபடி உலைப் பக்கம் நடந்தான்.