ஐந்தாம் மாடிக்குத் திரும்பிய கூடை

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்று, வேலையில் இறந்துபோன தன் மெக்கானிக்கின் வீட்டுக்கு அனுப்பிய பரிசுக்கூடை, அன்று மாலை நாலரை மணிக்கு, யாரும் தூக்காமல் தானாகவே அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது. வரவேற்பு மேசைப் பெண்தான் முதலில் பார்த்தாள். அலுவலகம் ஐந்தாம் மாடியில் இருந்தது. கூடை படியேறித்தான் வந்திருக்கிறது என்பது அதன் அடியில் ஒட்டியிருந்த புழுதியிலும், படிக்குப் படி உதிர்ந்துகிடந்த வைக்கோலிலும் தெரிந்தது. மதிய இடைவேளையில் அதைத் தயார் செய்தவளும் அவள்தான். ஆறு ஆப்பிள், ஒரு பிஸ்கட் டின், தேயிலைப் பொட்டலம், கம்பெனி முத்திரை போட்ட டைரி. "ஏதாவது பாத்துப் போட்டு அனுப்புங்க" என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவளும் ஏதோ பார்த்துப் போட்டு, டேப் ஒட்டி அனுப்பியிருந்தாள். துக்க வீட்டுக்குப் போவதைப் பரிசுக்கூடை என்று சொல்லலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. கம்பெனிப் பதிவேட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை.

கொண்டுபோன டிரைவர் கொடுக்காமலே வந்துவிட்டான் என்று மேலாளர் சத்தம் போட்டார். மறுநாள் டிரைவர் கூடையை வைத்துவிட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். "நடந்துச்சுன்னு சொல்ல முடியாது சார், நகர்ந்துச்சு. சிக்னல்ல நின்னுச்சு. நானும் கூப்பிட்டுப் பாத்தேன், சட்டையே பண்ணல" என்று வந்து சொன்னான். மூன்றாம் முறை மேலாளரின் உத்தரவுப்படி அதை அந்த வீட்டு ஜன்னலோடு சேர்த்துக் கட்டினான். அன்று அது கயிற்றையும் ஜன்னல் கம்பி ஒன்றையும் இழுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. கம்பியைத் திரும்ப வைத்துத்தர மறுநாள் கம்பெனி ஆள் ஒருவர் போக வேண்டியிருந்தது.

மெக்கானிக் இறந்து அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. ஒன்பதாம் மாடி உயரத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது இடுப்பு பெல்ட் அறுந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். பெல்ட் நைந்திருப்பது தெரிந்தும் அவர் புதிது கேட்கவில்லை என்று மேலாளர் விசாரணையில் சொன்னார். இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அந்தச் சொல் எப்படியோ மகள் படித்த பள்ளிக்கூடம் வரை போய்ச் சேர்ந்தது. தினமும் சமையல் கேஸ் மூடியாச்சா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் அந்த மனிதர் படுப்பார் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் காலர் பிரிவில் இருந்தாள். யாரிடமும் எதுவும் சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட முடியாத ஓர் இடத்தில் ரிப்பன் அக்கா கடை வைத்திருந்தார். பதினாறு வருடமாகப் பரிசுக்கூடை கட்டுவதுதான் அவர் தொழில். பொருளின் விலையைப்போல இரண்டு மடங்கு வாங்குகிறார் என்று ஊரில் பேச்சு உண்டு. பேசியவர்களும் பிரசவத்துக்கும் பணி ஓய்வுக்கும் அங்கேதான் போனார்கள். மேலாளர் வேறு வழியில்லாமல் போனார். யாருக்கு என்று அக்கா கேட்டார். இறந்த மெக்கானிக்கின் மனைவிக்கு என்றார் இவர். அந்த அம்மா என்ன வேலை பார்க்கிறார், எத்தனை பிள்ளைகள், எத்தனையாவது மாடி என்று அக்கா கேட்டுக்கொண்டே போக, எல்லாவற்றுக்கும் மேலாளர் "ஃபைல்ல இருக்கும்" என்றார். கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாலு பழத்த வச்சு பளபளன்னு பேப்பர் சுத்தறதுக்கு இவ்வளவு கேள்வியா?"

"நாலு பழம் வச்சதுதான் சார் மூணு தடவ உங்க மாடி ஏறி வந்து நிக்குது" என்றார் அக்கா. குரலில் கேலி இல்லை. "நீங்க சனிக்கிழம வாங்க. ஃபைல்ல இல்லாதத நான் கேட்டுக்கறேன்."

கூடை வைக்கப்போகும் மேசையை அளக்க வேண்டும் என்று சொல்லி, அளவு நாடாவோடு அவர் அந்த வீட்டுக்குப் போனார். சாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையலறையில் எந்த டப்பா திறக்க வரமாட்டேன் என்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, தைத்து முடித்ததும் எந்த விரல் வலிக்கிறது என்று மட்டும் கேட்டார். மெக்கானிக்கின் மனைவி ஒரு மணி நேரம் பேசினாள். மூடி இறுகிப்போன கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்துக் காட்டும்போது மட்டும் அழுதாள். அதைக் கணவர்தான் திறந்து தருவார்.

சனிக்கிழமை மேலாளர் வந்தபோது கூடை ஏறக்குறைய முடிந்திருந்தது. மாடிப்படி விளக்குக்கு ஒரு பல்பு, நின்றுபோன சுவர்க் கடிகாரத்துக்கு இரண்டு பேட்டரி, ஒரு விரலால் திறக்கக்கூடிய ஜாடி, கட்டைவிரலுக்குத் தோல் உறை, ஒரு களிம்பு. நாளுக்கு ஒன்றாகப் பழுக்கும்படி பார்த்து எடுத்த ஏழு பேரிக்காய், தனித்தனித் தாளில். கடலை பட்டால் மகளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்பதால் கடலை சேராத சாக்லேட். கம்பெனியின் பிஸ்கட் டின் முழுக்கக் கடலைதான். எந்தப் பொருளும் இன்னொன்றை மறைக்கவில்லை. ஆனால் நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது; கூடையும் ஒரு நிலையில் நிற்காமல் மேசை விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. அக்கா அதை அவ்வப்போது ஒரு கையால் பின்னுக்கு இழுத்து வைத்தார்.

"நடுவுல காலியா விட்டுட்டீங்களே" என்றார் மேலாளர்.

"வீட்டுக்காரர் புது பெல்ட் கேட்டு எழுதிக் குடுத்தாராம் சார். மக பேனாவ வாங்கித்தான் எழுதினாராம். அந்தம்மா விசாரணையில சொல்லியிருக்காங்க, யாரும் நம்பல. அந்தக் கடுதாசிக்குத்தான் அந்த இடம். நான் கடை கடையாத் தேடினேன், கிடைக்கல."

மேலாளர் தன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வைக்கலேன்னா?"

"வேற எங்கயாவது கட்டிக்குங்க. நான் கட்டின கூடை இதுவரைக்கும் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல."

கடிதம் மேலாளருடைய பையின் உள்ளறையில்தான் இருந்தது. கையெழுத்துக்காக ஒன்பது வாரம் மேசைத் தட்டில் கிடந்த கடிதம். விபத்து நடந்த அன்று அதை எடுத்துப் பைக்குள் வைத்தார். கிழித்துப்போட எத்தனையோ தடவை எடுத்திருக்கிறார், கை வரவில்லை. இப்போது எடுத்து, மடிப்பை விரலால் நீவி, காலியான இடத்தில் வைத்தார். கூடை நகர்வதை விட்டது. அக்கா தாளைச் சுற்றி ரிப்பன் கட்டினார்.

மெக்கானிக்கின் வீடு இருந்த மூன்றாம் மாடிக்கு மேலாளரே கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மேசையில் கூடை கச்சிதமாக உட்கார்ந்தது. மெக்கானிக்கின் மனைவி பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பல்பைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கடிதத்தைப் பிரித்தாள். "அம்மா, இது என் ஊதா பேனா" என்றாள் மகள், பக்கத்தில் வந்து நின்று. தாய் இரண்டு தடவை படித்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"என்கிட்டதான். கையெழுத்துப் போடாம வச்சிருந்தேன். அப்புறம் மறைச்சுட்டேன்."

அவள் கடிதத்தை மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "நீங்க போங்க சார். கூடை இருக்கட்டும்."

அன்று நாலரை மணிக்கு ஐந்தாம் மாடியில் எல்லோரும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு மணிக்கு விளக்கணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

விசாரணை மறுபடி நடந்தது. கவனக்குறைவு என்ற சொல் மெக்கானிக்கின் பெயருக்குப் பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டது. அந்தத் தாளின் நகலை மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் காட்டினாள். மேலாளர் எட்டு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்து, ஒரு கிடங்கில் வாயிற்காவலராகச் சேர்ந்தார். பல வருடம் கழித்து, கூட வேலை செய்பவள் ஒருத்தி, அந்த ஆளை மன்னித்துவிட்டாயா என்று மெக்கானிக்கின் மனைவியைக் கேட்டாள். "இல்ல" என்றாள் அவள். "ஆனா கூடைய நல்லா கட்டியிருந்தாங்க."

அதற்குள் அந்த ஊரில் கூடைகள் திரும்பி வருவது சகஜமாகியிருந்தது. வங்கிகள் அனுப்பியவை, மருத்துவமனைகள் அனுப்பியவை, மாமனார் வீட்டுக்கு மருமகன்கள் அவசரத்தில் வாங்கி அனுப்பியவை. ரிப்பன் அக்காவுக்கு வேலை அதிகமானது. வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார். பாதசாரிகள் தடுக்கி விழுகிறார்கள் என்று புகார் வந்ததும் நகராட்சி சாலையோரமாக மஞ்சளில் ஒரு முழ அகலத்துக்குக் கோடு போட்டது. மாலையில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், ஜரிகைத் தாள் சரசரக்க ஏதாவது ஒன்று அந்தக் கோட்டின்மேல் வருவது காதில் விழுந்தால், காலை ஒதுக்கி வழிவிட்டு, கையிலிருக்கும் செய்தித்தாளில் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.