ஐந்தாவது கிளாஸ்

ரொட்டியாருக்கு வாசனை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் வைத்த பெயர் வேறு. பேக்கரி திறந்த நாளிலிருந்து தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. ஒரு காய்ச்சல் வந்தது, சில நாள் சுருண்டு கிடந்தார், எழுந்தார். உடம்பு பழையபடி தேறிவிட்டது. மூக்கு மட்டும் தேறவில்லை. அது பாட்டுக்கு முகத்தில் இருந்தது, மூச்சு விட்டது, சளி பிடித்தால் ஒழுகவும் செய்தது. மணம் மட்டும் அதற்குத் தெரியவில்லை.

வேறு தொழில்காரர் என்றால் எப்படியோ ஒப்பேற்றியிருக்கலாம். ரொட்டி வெந்துவிட்டதா என்பதை அவர் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொண்டதே இல்லை. கடை முகப்பில் யாரோடாவது வாயடித்துக்கொண்டே நிற்பார். உள்ளே அடுப்பு வாசனை லேசாக மாறியதும், "எடுத்துடுங்கப்பா" என்று குரல் கொடுப்பார். காய்ச்சலுக்குப் பிறகு கடைக்கு வந்த முதல் நாளே ஓர் அடுப்பு ரொட்டி முழுக்கக் கரியானது. வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட, இவர் மட்டும் நடுவில் நின்று, "என்னாச்சு, ஏன் ஓடுறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். புகை கண்ணை எரித்த பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது.

அன்று சாயங்காலம் அவர் மனைவி சொன்னாள், "நாளையிலேருந்து நானும் கடைக்கு வரேன்."

"நீ வந்து என்ன பண்ணப்போறே?"

"மோந்து பாக்கப்போறேன்."

சொன்னபடியே வந்தாள். வீட்டிலிருந்த தையல் மெஷினைக் கொண்டுவந்து அடுப்பறைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். தைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று தலையை நிமிர்த்தி, "வெந்துடுச்சு" என்பாள். பால் திரிந்ததா, கேஸ் கசிகிறதா, இவர் சட்டையை இன்னொரு நாள் போடலாமா, எல்லாவற்றுக்கும் அவள் மூக்குதான். அதோடு விட்டாளா என்றால் இல்லை. தெருவில் நடக்கும்போது, "மழை வருது, மண் வாசனை அடிக்குது" என்பாள். "அந்த வீட்ல யாரோ வெங்காயம் வதக்குறாங்க" என்பாள். பரிதாபப்பட்டுச் சொல்லமாட்டாள், செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர், "நரம்பு விஷயம். வரலாம், வராமலும் போகலாம். தினமும் எதையாவது மோந்து பாத்துக்கிட்டே இருங்க" என்றிருந்தார். ரொட்டியார் கொஞ்ச காலம் எலுமிச்சைத் தோலையும் கிராம்பையும் மூக்கடியில் வைத்துப் பார்த்தார். கல்லை முகர்ந்தது போல் இருந்தது. விட்டுவிட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் மனைவியின் தம்பி விடுமுறையில் வந்தான். கப்பலில் இன்ஜினியர். வீட்டில் அவனுக்குப் பெயரே கப்பல்தான். ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் அவன் கப்பல் பழுதுபார்க்க நின்றிருக்கிறது. சும்மா இருக்காமல் பக்கத்திலிருந்த விஸ்கி வடிசாலையைச் சுற்றிப் பார்க்கப் போய், ஐந்து குட்டி பாட்டில்கள் அடங்கிய ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தான்.

"அத்தான், ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காருறோம்" என்றான்.

"எனக்கு எதுக்கு மாப்ள? பச்சைத் தண்ணியும் ஒண்ணுதான், உன் விஸ்கியும் ஒண்ணுதான்."

மனைவி இடையில் புகுந்தாள். "ஆசையா கொண்டாந்திருக்கான், உக்காருங்க. நான் மோந்து சொல்றேன், நீங்க குடிங்க." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேய், ஆளுக்கு ஒரு வாய்தான். எவனாவது என் சோபாவுல விழுந்து கிடந்தீங்க, பாத்துக்கோ."

மாடி வீட்டுப் பல் டாக்டருக்கு இந்த மாதிரி விஷயங்களில் மூக்கு வேர்த்துவிடும். சரியான நேரத்துக்குப் படியிறங்கி வந்தார். கிளாஸ் போதவில்லை என்றதும், கிளினிக்கிலிருந்து வாய் கொப்பளிக்கும் டம்ளர் எடுத்து வரட்டுமா என்று கேட்டார். கழுவியதுதான் என்றும் சொல்லிப் பார்த்தார். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நாலு பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கப்பல் பாட்டில்களை வரிசையாக வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அஞ்சும் ஒரே இடத்துச் சரக்கு. ஒரே தண்ணி, ஒரே செம்பு அண்டா, பார்லியைத் தவிர வேற தானியம் கிடையாது. அதான் சிங்கிள் மால்ட். ஊறப்போடுற பீப்பாய் மாறினா ஆளே மாறிடும். ஒரே வயித்துல பிறந்த பிள்ளைங்க மாதிரி."

"எங்கண்ணனும் நானும் மாதிரி" என்றார் பல் டாக்டர். "அவன் கிட்டயே போக முடியாது."

முதல் கிளாஸ் வெளுத்த தங்க நிறத்தில் இருந்தது. மனைவி குனிந்து முகர்ந்தாள். "தேன். பேரிக்காய். அப்புறம் புதுசா அடிச்ச வார்னிஷ்."

"வார்னிஷா!" கப்பலின் முகம் சுண்டிப்போனது.

"இருக்குறதைத்தானேடா சொல்ல முடியும்?"

ரொட்டியார் ஒரு வாய் குடித்தார். நாக்கு நுனியில் தித்திப்பு, தொண்டையில் எரிச்சல், மூக்குக்குள் ஒரு சுருக். அவ்வளவுதான். ஆனால் மனைவி சொன்ன பேரிக்காயை மனசுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது, ஷெர்ரி என்கிற ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியது. நல்ல கருஞ்சிவப்பு. "நம்ம பழ கேக்குக்கு ஊற வச்ச திராட்சை" என்றாள். மூன்றாவதில் கொஞ்சம் ஆரஞ்சுத் தோலும் கொஞ்சம் இஞ்சியும் வந்தன. நான்காவதுதான் அங்கே இருந்ததிலேயே வயசானது. கப்பல் அதை மருந்து ஊற்றுவது போல் பார்த்துப் பார்த்து ஊற்றினான். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பழைய மர அலமாரியைத் திறந்த மாதிரி இருக்குங்க. உள்ள துணி மடிச்சு வச்சிருக்கு. யாரோ பக்கத்துல உக்காந்து தோல் செருப்புக்குப் பாலிஷ் போடுறாங்க."

பல் டாக்டர் தம் கிளாஸை உற்றுப் பார்த்தார். "அம்மா, எனக்கும் சேத்து நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வெறும் விஸ்கி வாசனைதான் வருது."

எல்லாரும் சிரித்தார்கள். ரொட்டியார் சிரிக்கவில்லை, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக இவள் வாயைப் பார்த்துத்தான் தனக்கு உலகம் மணத்திருக்கிறது என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது. மழை, வெங்காயம், வெந்த ரொட்டி, எல்லாமே இவள் சொல்லித்தான். ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. நன்றி என்ற சொல் அவர் வாயில் கடைக்கு வருகிறவர்களுக்குத்தான் வரும். கட்டிய மனைவியிடம் எப்படிச் சொல்வது? கிளாஸில் இருந்ததை விழுங்கினார்.

ஜக்கில் தண்ணீர் தீர்ந்திருந்தது. மனைவி அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கப்பல் ஐந்தாவது பாட்டிலைத் திறந்து ஊற்றினான். ரொட்டியார் யோசனையில் இருந்தவர், தம் கிளாஸைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுபோனார்.

சட்டென்று எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என்ன அத்தான்?"

"எதுவோ கருகுது!"

கிளாஸைப் பிடித்தபடியே சமையலறைக்கு ஓடினார். மனைவி குழாயடியில் ஜக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அடுப்புல என்ன வச்சே?"

"ஒண்ணும் வைக்கலையே."

"கருகுது! நல்லாப் பாரு."

அவள் அடுப்பைப் பார்த்தாள். சுத்தமாகத் துடைத்து வைத்த அடுப்பு. காற்றில் முகர்ந்தாள். "ஒண்ணும் கருகலைங்க..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். ஜக் நிரம்பித் தண்ணீர் அவள் கைமேல் வழிந்தது. அவர் கையிலிருந்த கிளாஸைத் தன் பக்கம் இழுத்து முகர்ந்தாள்; இருமலே வந்துவிட்டது.

"என்னங்க சொன்னீங்க இப்போ?"

"கருகுதுன்னேன்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கிளாஸை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். இருந்தது. ஈரக் கட்டையைப் போட்டு ஊதுகிற அடுப்பு. தார். சாம்பல். எங்கோ தூரத்தில் ஆஸ்பத்திரி. சத்தியமாக இருந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் குழாயை மூடக்கூட மறந்து அவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சமையலறை வாசலில் வந்து நின்ற கப்பலுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவன் கத்திய கத்தலில் பல் டாக்டரும் ஓடி வந்தார். "கரிமண்ணு அத்தான்! அங்க சதுப்பு நிலத்துல வெட்டிக் காயவச்ச மண்ணு. அதை எரிச்சு அந்தப் புகையிலதான் பார்லியைக் காயப்போடுவாங்க. வருஷத்துல கொஞ்ச நாள்தான் இப்படிப் புகைபோட்டு வடிப்பாங்களாம். இது இருக்குன்னே பெட்டியை வாங்கவேண்டாம்னு நினைச்சேன்!"

"எனக்கு எங்க கிளினிக் பஞ்சு டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கு" என்று பல் டாக்டர் தம் கிளாஸை ரொட்டியாரிடம் நீட்டினார். "இதையும் நீங்களே வச்சுக்குங்க."

மேஜைக்குத் திரும்பியதும் ரொட்டியார் மற்ற நாலு பாட்டிலையும் ஒன்றுவிடாமல் முகர்ந்து பார்த்தார். தேன் இல்லை, திராட்சை இல்லை, அலமாரியும் இல்லை. முகம் வாடிவிட்டது.

"விடுங்க" என்றாள் மனைவி. "ஒண்ணு வந்துடுச்சுல்ல? அது போய் மத்ததைக் கூட்டிட்டு வரும்."

கப்பல் அந்த ஐந்தாவது பாட்டிலை மீதியோடு விட்டுவிட்டுப் போனான். தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் ரொட்டியார் மூடியைத் திறந்து, முகர்ந்து, மூடிவைப்பார். ஒரு சொட்டு குடிக்கமாட்டார். ஆனாலும் ஜன்னல் வழியாகப் பார்த்த யாரோ, "ரொட்டியார் விடிஞ்சதுமே ஆரம்பிச்சுடுறாராம்" என்று தெருவில் ஊதிவிட்டார்கள். பல் டாக்டர்தான் தம்மிடம் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர்களுக்கெல்லாம் உண்மையை விளக்கிச் சொன்னார். அவர்களால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

புகைக்குப் பிறகு காபி வந்தது. முதலில் ரப்பர் எரிகிற மாதிரி வந்து, போகப் போகக் காபியானது. அப்புறம் வெங்காயம், அப்புறம் சோப்பு. ஒருநாள் கடையில் மனைவிக்குப் பின்னால் நின்று பாத்திரம் எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மெஷின் எண்ணெய், மாவு, வியர்வை.

"என்ன அங்கேயே நிக்கிறீங்க?"

"உன் வாசனை வருது."

"ஐயையோ, காலையிலேருந்து அடுப்புக்கிட்ட உக்காந்திருக்கேன். தள்ளிப் போங்க."

அவர் தள்ளிப் போகவில்லை. "இந்த ஒரு வருஷமும் நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்றார். நினைத்ததைவிட எளிதாகவே வந்துவிட்டது அந்தப் பேச்சு. அவள் திரும்பிப் பார்க்காமல் மெஷினை மிதித்தாள். தையல் கோணலாகப் போய், பிறகு அதைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

நடுக்கடலில் இருந்த கப்பலுக்கும் போன் போட்டுச் சொன்னார். "நான் சும்மா உங்களோட உக்காந்து பேசலாம்னுதான் கொண்டாந்தேன் அத்தான்" என்றான் அவன்.

வனிலா மட்டும் இன்றுவரை வரவில்லை. கேக் போடுகிற நாட்களில் ரொட்டியார் மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மனைவியிடம் போகிறார். அவள் குனிந்து முகர்ந்து, "வருதுங்க, நல்லா வருது" என்கிறாள்.